வால் பட்டையின் நிறம்

பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் நிறம் சேர்க்கும் வேலை பார்த்த அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மாடல் விமான மன்றத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. அங்கே அவர் 'சுத்தம்'. மற்றவர்கள் மாதக்கணக்கில் ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பிறந்த குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டு வருகிற குட்டிப் போர் விமானத்தை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "சுத்தம்!" என்பார். விளங்கினாற்போலத்தான் என்று அதற்கு அர்த்தம். கொண்டுவந்தவர் விமானத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு மூலையில் போய் டீ குடிப்பார்.

கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. "இது போர் ஆரம்பிச்சப்போ அடிச்ச பச்சை. உங்க விமானம் போர் முடியற சமயத்துல பறந்தது. அப்போ பச்சையில நீலம் தூக்கலா இருக்கும்" என்பார். "றெக்கையில இருக்கற வட்டச் சின்னத்துக்கு இவ்வளவு தடி வளையம்னு எவன் சொன்னான் உங்களுக்கு?" என்பார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னபடியேதான் இருக்கும். அதை மனுஷனாகச் சொல்ல மட்டும் அவருக்கு வராது. நாலு நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

மன்றம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நூலகக் கட்டடத்தின் மேல்மாடியில். நீளமான மேஜை, கண் சிமிட்டுகிற குழல்விளக்கு, மூக்கைத் துளைக்கிற பெயிண்ட் தின்னர் வாசனை. அங்கே வருகிறவர்களைப் பற்றிச் சுத்தத்துக்கு ஒரே அபிப்பிராயம்தான்: அத்தனையும் அரைகுறைகள். செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற ரயில் டிரைவருக்கு எஞ்சின் புகையில் கண் அவிந்துபோய்விட்டது என்பார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒட்டுகிற சின்னங்கள், மழையில் நனைந்த போஸ்டர் போலச் சுருங்கிக் கிடக்கின்றன என்பார். இந்த அரைகுறைகளுக்கெல்லாம் தலைவராக ஒருவர் இருந்தார். வேறு யாருமில்லை, சுத்தத்தின் சொந்தச் சகலை.

சகலை பல் டாக்டர். சுத்தத்தின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். சந்தோஷமான மனிதர், சுத்தத்தின் கண்ணில் அதுவே முதல் குற்றம். வாய் பிளந்து கிடக்கிற நோயாளிகளோடு பேசிப் பேசி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கிற பழக்கம் வந்துவிட்டது. விமானம் செய்வதும் அதே லட்சணத்தில்தான். விமானத்தின் பாகங்கள் வருகிற அட்டைப் பெட்டி மூடியில் என்ன படம் போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து அப்படியே அடிப்பார். பெட்டி மூடி! அந்தப் படத்தை வரைந்தவன் அந்த விமானத்தைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டான். கேட்டால், "பாக்க அழகா இருக்கேண்ணே" என்பார். அழகாம். அழகு வேண்டுமென்றால் கிளி வளர்க்க வேண்டியதுதானே என்று சுத்தம் வீட்டுக்கு வந்து பொருமுவார்.

அவருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு வேர் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் பாதிக் கதவுகளும், பஸ்களும், ஆஸ்பத்திரிச் சுவர்களும் அவர் கையில் பிறந்த நிறங்கள். ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்து 'இதே மாதிரி' என்று கேட்டால், அதே மாதிரி எடுத்துக் கொடுப்பார். எதிலும் அவர் பெயர் கிடையாது. டப்பாவில் கம்பெனி பெயர் இருக்கும். நிறத்துக்கு விளம்பரக்காரன் வைத்த பெயர் இருக்கும், 'அதிகாலைப் புன்னகை' என்றும் 'வெல்வெட் மௌனம்' என்றும். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. தான் இருந்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாமல் போய்விடுமே என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த ஏரியை மதகு வேலைக்காக வற்ற விட்டார்கள். அடிச்சேற்றிலிருந்து போர்க்காலத்துச் சண்டை விமானம் ஒன்றின் வால் பகுதி வெளியே வந்தது. எஞ்சின் நின்றுபோய் ஏரியில் விழுந்த விமானம் அது. பழைய விமானத் தளத்தில் இயங்கிவந்த சின்ன அருங்காட்சியகம் அந்த வாலை எடுத்துக்கொண்டது. அதன் பொறுப்பாளர் அம்மா மன்றத்துக்கே நேரில் வந்து பேசினார். வாலை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். முழு விமானம் எப்படி இருந்தது என்று காட்ட, பக்கத்தில் ஒரு மாடல் வேண்டுமாம். மன்றத்துக்காரர்கள் செய்துகொண்டு வந்து, தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். செய்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைப்பார்கள். பெட்டி எப்போதும் அங்கேயே இருக்கும்.

பித்தளைத் தகடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுத்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் ஒருவரையும் திட்டவில்லை.

வால் ஒரு கொட்டகையில், தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. சுத்தம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நிறம் அளக்கும் கருவியை இடம் இடமாக வைத்து அளந்தார். மேல்பக்கம் கரும்பச்சையும் மண் நிறமும், அடிப்பக்கம் வெளிர் நீலப்பச்சை. அதில் ஒரு சிக்கலும் இல்லை. வாலைச் சுற்றி ஒரு பட்டை ஓடியது, எந்தப் படைப்பிரிவு என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக அடிக்கிற பட்டை. அது என்ன நிறம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதுதான் ஒரே கேள்வி. தொட்டியில் கிடந்த வாலில் பட்டை கறுப்பாக இருந்தது. கருவியும் கறுப்பு என்றே சொன்னது, துளி பழுப்பு கலந்த கறுப்பு.

தொட்டிக்குப் பக்கத்தில் பல் டாக்டர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பொறுப்பாளர் அம்மாவுக்கு உதவியாகப் பிரஷும் பஞ்சுமாகச் சேறு எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. பாவம், இவரு ரொம்ப வருஷமா பல்லே விளக்கல" என்று வாலைக் காட்டிச் சிரித்தார்.

சுத்தம் சிரிக்கவில்லை. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நல்ல காற்றை இழுத்து விட்டார்.

அடுத்த ஞாயிறு டாக்டர் தன் விமானத்தை மன்றத்து மேஜையில் வைத்தார். பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஆனால் வால் பட்டையை முதலிலேயே அடித்திருந்தார். பளீரென்ற மஞ்சள்.

"சுத்தம்!" என்றார் சுத்தம். "என்ன டாக்டர் இது, எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஒட்டியிருக்கீங்களா?"

"பட்டை மஞ்சள்தான்னு நினைக்கறேண்ணே."

"நினைக்கறீங்க." மேஜையைச் சுற்றியிருந்தவர்களை ஒரு வலம் பார்த்துவிட்டுச் சுத்தம் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். அந்த விமானத்துக்கு இருந்த ஒரே படம். விமானம் புல்வெளியில் நிற்கிறது. விமானி இறக்கையில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிக்கிறார். "எல்லாரும் பாருங்க. பட்டை என்ன நிறம்?"

"கறுப்பு" என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற குரலில்.

ரயில் டிரைவர் தொண்டையைச் செருமினார். "சார், அந்தக் காலத்து ஃபிலிம்ல சிவப்பு, மஞ்சள் எல்லாம் கறுப்பாத்தான் விழும், நீலம் வெளுத்துப்போயிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பாதீங்கன்னு."

"சொன்னேன். அதனாலதான் படத்தை மட்டும் நம்பல. வாலையே அளந்துட்டு வந்திருக்கேன். படமும் கறுப்பு, பொருளும் கறுப்பு. ரெண்டு சாட்சி ஆச்சா? இதுக்கு மேல என்ன வேணும், அந்த விமானியே எழுந்து வந்து சொல்லணுமா?"

"இல்லண்ணே, நான் அன்னைக்கு அதைத் தொடைச்சப்போ..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"தொடைக்கறதுக்கு அது என்ன கடைவாய்ப் பல்லா?"

மேஜையே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். சுத்தத்திடம் அடி வாங்கியவர்களுக்கு, இன்னொருவர் அடி வாங்குவதைப் பார்ப்பதில் தனி சுகம் இருந்தது. டாக்டரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சுரணை கெட்ட மனுஷன் என்று சுத்தம் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவருடைய மனைவி மறுநாள் தபால் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி காலையில் நடந்ததை இரண்டாவது தடவையாகச் சொல்லி ரசித்தார்.

"அவர் என்னவோ சொல்ல வந்தாராமே? நீங்க பேசவே விடலையாமே?"

"அதுக்குள்ள உன் தங்கச்சி போன் போட்டாச்சா? பல்லு பிடுங்கறவன்கிட்ட நான் நிறம் கத்துக்கணுமா?"

"ஒரு பொம்மை விமானம். அதுக்காகவா சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரரை நாலு பேரு முன்னாடி இப்படி?"

வழக்கமாக இருந்தால் இதற்கு ஒரு குத்தல் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. "உனக்குப் புரியாது" என்றார். "நான் ரிடையர் ஆனா மறுநாளே என் நாற்காலியில இன்னொருத்தன் வந்து உக்காந்துடுவான். நான் சேத்த நிறமெல்லாம் வெளுத்துப்போகும். மேல வேற பெயிண்ட்டை அடிச்சுடுவாங்க. ஒரே ஒரு இடத்துலயாவது என் பேரு இருக்கணும். நான் இது ஒண்ணுதான் கேக்கறேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் இப்படிப் பேசி அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது. புடவையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தாள்.

தேர்வு நாளில் மேஜையில் ஏழெட்டு விமானங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் முக்கால்வாசியைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஒன்றில் சக்கரம் கோணலாக இருந்தது. ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்தவரின் கைரேகையே இருந்தது. சுத்தத்தின் விமானம் மட்டும் நிஜ விமானத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. சின்னதாகச் செய்யும்போது நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் அடர்த்தியாகத் தெரியும், கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும் என்பது அவர் ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது. எஞ்சின் புகை படிந்த இடம், விமானி ஏறி ஏறிப் பெயிண்ட் தேய்ந்த இடம் எல்லாம் அச்சு அசல். வாலில் கச்சிதமான கறுப்புப் பட்டை.

கடைசியில் நின்றது டாக்டருடைய விமானம். பெட்டி மூடிப் பச்சை, மஞ்சள் பட்டை.

"டாக்டர், மஞ்சள்னு சொன்னீங்களே, அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார் ரயில் டிரைவர். பொறுப்பாளர் அம்மாவும் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஆதாரமெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு மஞ்சள்னா பிடிக்கும், அடிச்சுட்டேன்."

கொல்லென்று சிரிப்பு. மஞ்சள் பிடிக்குமாம்! இப்படி ஒரு ஜென்மத்தோடு ஒரே வீட்டில் பெண் எடுத்தோமே என்று சுத்தத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓட்டு எண்ணத் தேவையே இருக்கவில்லை. தகட்டில் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று பொறுப்பாளர் அம்மா கேட்டார். சுத்தம் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் வாசனை என்று சமாளித்தார். கண்ணாடிப் பெட்டியை அடுத்த மாதம் ஊர்ப் பெரியவர்களை வைத்துத் திறப்பதாக ஏற்பாடு.

இடையில் ஒருநாள் மத்தியானம் கழிவுநீர் நிலையத்து மேற்பார்வையாளர் ஒரு கைப்பிடிக் கம்பித் துண்டைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ஆய்வகத்துக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன சார் பெயிண்ட் விக்கறீங்க? மஞ்சள்னு வாங்கி அடிச்சோம். இப்போ பாருங்க, கரி பூசின மாதிரி இருக்கு."

சுத்தம் கம்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "எங்க வெச்சிருந்தீங்க இதை?"

"கழிவுநீர்த் தொட்டி ஓரத்துல."

"அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அங்கதானே? இது ஈயம் கலந்த மஞ்சள். அந்த நாத்தம் பட்டா கறுக்காம பின்ன என்ன பண்ணும்? அங்க இதை அடிக்காதீங்கன்னு டப்பாலயே போட்டிருக்கே, படிக்க மாட்டீங்களா? வேலைக்குச் சேந்த முதல் வாரம் கத்துக்கற பாடம் சார் இது. சாக்கடை, சேறு, குட்டை, எங்க அந்த வாயு வந்தாலும் ஈய மஞ்சள் கறுத்துடும். மேல்தோல் மட்டும்தான். இந்தாங்க, பாருங்க." பெராக்சைடு பாட்டிலைத் திறந்து பஞ்சில் நனைத்துக் கம்பியின்மேல் அழுத்தித் துடைத்தார். கறுப்பு கரைந்து, வெளிறிய மஞ்சள் எட்டிப் பார்த்தது. "இதுகூடத் தெரியாம பெயிண்ட் சரியில்லைன்னு கிளம்பி வந்துட்டீங்க. சேத்துல கிடந்தா எந்த மஞ்சளும்..."

கம்பியில் தெரிந்த மஞ்சளையே வெறித்துப் பார்த்தார். பஞ்சு கையிலேயே இருந்தது.

"என்ன சார்? ஒடம்பு சரியில்லையா?" என்றார் மேற்பார்வையாளர், கோபத்தை மறந்து.

சுத்தம் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். ஏரிச்சேறு. கொட்டகை நாற்றம். அந்தக் காலத்தில் மஞ்சள் என்றாலே ஈய மஞ்சள்தான். ஃபிலிமும் மஞ்சளைக் கறுப்பாகக் காட்டும், சேறும் மஞ்சளைக் கறுப்பாக்கும். அவர் மார்தட்டிய இரண்டு சாட்சிகளும் சேர்ந்து பொய் சொல்லியிருந்தார்கள். பல் டாக்டரோ ரயில் டிரைவரோ இதில் ஏமாந்தால் மன்னிக்கலாம். ஊரில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுதான் கறுப்பு என்று குறித்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்களை ஏளனம் செய்தே பழகிய மனசு இப்போது அவரைப் பிடித்து உலுக்கியது. ஆனாலும் தப்பு செய்ததைவிட, சரியாகச் சொன்னது யார் என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. பார்த்தீர்களா, மனுஷனின் புத்தி போகிற போக்கை!

சாயங்காலம் நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் உள்ளே நுழைந்து, உட்காராமலே கேட்டார்.

"மஞ்சள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மழுப்புவதா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "கறை எடுக்கற பழக்கம்ணே. பட்டையோட அடி ஓரத்துல, நகத்தளவு இடத்துல, பஞ்சுல பெராக்சைடு தொட்டுத் தொடைச்சுப் பாத்தேன். மஞ்சள் தெரிஞ்சுது. ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட கேக்கலாம்னுதான் அன்னைக்கு மன்றத்துல வாயைத் திறந்தேன்."

"அப்புறம் எல்லாரும் கேட்டப்போ ஏன் சொல்லல? ஆதாரம் இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

"விடுங்கண்ணே. எனக்கு இது பொழுதுபோக்கு. உங்களுக்கு அப்படி இல்லைன்னு தெரிஞ்சுது. உங்க வேலைக்குப் பக்கத்துல என்னுது நிக்குமா? அதான் விட்டுட்டேன்."

"யாரு சொல்லித் தெரிஞ்சுது?"

"யாரு சொன்னா என்னண்ணே? டீ சொல்லட்டுமா?"

கொழுந்தியாள்தான் சொல்லியிருப்பாள் என்று சுத்தம் முடிவு கட்டிவிட்டார். டீ வேண்டாம் என்று படியிறங்கினார். நன்றி என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பெட்டி மூடியைப் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவன் போட்ட பிச்சை என்று நினைத்ததும், வந்த வழியே உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை, திருத்துவதற்காகத் தன் மாடல் விமானத்தைக் கேட்டு வாங்க அருங்காட்சியகத்துக்குப் போனார். தப்பை அப்படியே விட்டுவிடுகிற ஆள் அவர் இல்லை. அந்த ஒரு பெருமையை மட்டும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. பொறுப்பாளர் அம்மாவைத் தொட்டிக்கு அழைத்துப் போய், பட்டையின் நடுவில் பஞ்சால் துடைத்துக் காட்டினார். மஞ்சள் தெரிந்ததும் அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். சுத்தம் ஈயத்தையும் சேற்றையும் ஃபிலிமையும் பற்றி விளக்கினார். விளக்கம் அபாரமாக இருந்தது. அதில் டாக்டர் எங்கேயும் வரவில்லை.

"அதிசயமா இருக்கே சார்! இதை நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"

சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. 'என் சகலைதான் முதல்ல பாத்தாரு' என்று ஒரு வரி. நாக்கில் அந்த வரி உருண்டது. மன்றத்தில் எழுந்த சிரிப்பு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அது யாரைப் பார்த்து எழும் என்றும் தெரிந்தது.

"பின்னே?" என்றார் சுத்தம்.

விமானத்தை வீட்டுக்கு எடுத்துவந்து பட்டையைச் சுற்றி டேப் ஒட்டி, கறுப்பை எடுத்துவிட்டு, மூன்று மஞ்சளைக் கலந்து பார்த்து, அதில் ஒன்றைத் துளி வெளிற வைத்து அடித்தார். அவர் ஆயுளில் சேர்த்த மஞ்சள்களிலேயே அதுதான் சிறந்தது. மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "மஞ்சளாக்கிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றார். அவள் முகம் மலர்ந்தது. தங்கை வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிவிட்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். திறப்பு நாளுக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்று அன்றே தங்கைக்குப் போன் செய்தாள்.

திறப்பு நாளில் கூடம் நிரம்பியிருந்தது. மன்றத்துக்காரர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பித்தளைத் தகடு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. பொறுப்பாளர் அம்மா ஒலிபெருக்கியில் பேசினார். சேற்றில் கறுத்துப்போன பட்டை உண்மையில் மஞ்சள் என்பதைச் சார் தன்னந்தனியாக ஆராய்ந்து கண்டுபிடித்தார் என்றும், தான் முதலில் சொன்னதே தவறு என்று தானே முன்வந்து திருத்திய பெருந்தன்மையை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அதனால் தகட்டில் 'நிற ஆய்வும் இவரே' என்று இன்னொரு வரி சேர்த்திருப்பதாகவும் சொன்னார். முதலில் கை தட்டியது பல் டாக்டர்தான். மனதார, பலமாகத் தட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

சுத்தம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் அவள் மார்புக்கு நேரே அப்படியே நின்றிருந்தன. தகட்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கைகளைத் தொங்கவிட்டாள்.

கூட்டம் பெட்டியைச் சூழ்ந்துகொண்ட சமயத்தில் அவள் டாக்டர் பக்கமாகத் திரும்பினாள். சுத்தம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றிருந்தார். அவர் அங்கே இல்லாத மாதிரியே அவள் பேசினாள்.

"தம்பி, அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்து, அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு, விட்டுக்குடுத்துடுங்கன்னு உங்ககிட்ட கெஞ்சினேன் இல்ல? தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"ஐயோ, என்னக்கா நீங்க..." என்று டாக்டர் பதறினார்.

அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ரயில் டிரைவர் வந்து சுத்தத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம் சார், அந்த மஞ்சளை எப்படிப் பிடிச்சீங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.